தீர விசாரிக்கும் தலைமை

(மாதர் சங்கத் தலைவிமாருக்கும் பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களுக்கும் சுகாதாரத் தொண்டர்களுக்கும் நடைபெற்ற தாய் சேய் நலப் பயிற்சி வகுப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் டிவிசனில் ஒரு பொறுப்பைச் சுமப்பவர்கள். பிள்ளை நிறுக்கும் நாள், கிளினிக் நாள், ஊசி போடும் நாள், திரிபோஷா கொடுக்கும் நாள் என்று லயத்துக்கு லயம் ஏறி இறங்கிச் சொல்கிறீர்கள். அது பெரிய சேவை. ஆனால் செய்தி கொண்டு போய்ச் சேர்ப்பது தலைமையில் பாதிதான். மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்கு நாம் பேசப்போகிறோம்.

பயிற்சிக் கையேடுகளில் அதற்கு 'விமர்சனச் சிந்தனை' என்று பெயர் போட்டிருப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். குறை சொல்லித் திரிவது என்று நினைக்கவும் வேண்டாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்முடைய பாட்டன் பாட்டி சொல்லி வைத்தார்களே, அதுதான் இது. ஒன்றை நம்புவதற்கு முன்னால், ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால், "ஏன்?", "எப்படித் தெரியும்?", "வேறு காரணம் இருக்குமா?" என்று கேட்டுப் பார்ப்பது. தாய் சேய் விசயத்தில் இந்தக் கேள்விகள் உயிரோடு சம்பந்தப்பட்டவை.

இலக்கங்கள் சொல்வது என்ன?

2006/07இல் நாட்டில் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில், தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் 40 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். 2016இல் எடுத்த ஆய்வில் அது சுமார் 32 ஆகக் குறைந்தது. ஆனால் அதே 2016இல் முழு நாட்டுக்கும் கணக்கு 17தான். நம்முடைய பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு பின்தங்கி நின்றார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடனே இரண்டு பேச்சு வரும். ஒன்று வெளியாட்கள் பேச்சு: "தோட்டத்துப் பொம்பளைகளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது." இன்னொன்று நம்முடைய ஆட்களின் பேச்சு: "நம்ம பரம்பரையே கட்டைதானே, புள்ள எப்புடி வளரும்?" இரண்டும் கேள்வியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரம்பரைதான் காரணம் என்றால், பத்து வருசத்தில் 40 எப்படி 32 ஆனது? பரம்பரை பத்து வருசத்தில் மாறுமா? அப்படியென்றால் மாற்றக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. தாய் கர்ப்பமாகும்போதே மெலிந்திருப்பது, பிள்ளை நிறை குறைந்து பிறப்பது, சம்பளம் போதாமை, குடிதண்ணீர், கக்கூசு, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், தாய் மலைக்குப் போனபின் பிள்ளைக்கு ஊட்டுவது யார் என்பது, இப்படிப் பல. எந்தக் காரணம் எந்த வீட்டில் என்று கண்டுபிடிப்பதுதான் தலைவியின் வேலை.

கேட்டுப் பார்த்ததால் பிழைத்த தாய்மார்

வெளிநாட்டில் நடந்த ஒரு உண்மைக் கதை. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதலாவதில் டொக்டர்மாரும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவிச்சிமார் பார்த்தார்கள். 1846இல் முதலாம் பகுதியில் 100 தாய்மாரில் 11 பேர் இறந்துபோனார்கள். இரண்டாம் பகுதியில் இறந்தவர்கள் 3 பேர்தான். ஊர்த் தாய்மாருக்கு இது தெரியும். முதலாம் பகுதி வேண்டாம் என்று கெஞ்சி அழுவார்களாம்.

பெரிய டொக்டர்மார் "காற்றில் ஏதோ கெட்டது இருக்கிறது" என்று சொல்லிப் பேசாமல் இருந்துவிட்டார்கள். இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற இளம் டொக்டர் மட்டும் பேசாமல் இருக்கவில்லை. காற்றுதான் காரணம் என்றால், பக்கத்திலிருக்கும் இரண்டாம் பகுதிக்கும் அதே காற்றுத்தானே என்று கேட்டார். நெருக்கடியா என்று பார்த்தார். இரண்டாம் பகுதியிலும் நெருக்கடிதான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோது ஒரு வித்தியாசம் மிஞ்சியது. முதலாம் பகுதி டொக்டர்மார் பிணம் அறுத்துப் பார்த்துவிட்டு நேராக வந்து பிரசவம் பார்த்தார்கள். மருத்துவிச்சிமாருக்கு அந்த வேலை இல்லை. 1847 மே மாதம் முதல், குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிய பிறகுதான் தாயைத் தொட வேண்டும் என்று ஒழுங்கு வைத்தார். 1848இல் முதலாம் பகுதியில் சாவு 100க்கு இரண்டைவிடக் குறைந்துவிட்டது.

கிருமி பற்றி உலகம் அறியாத காலம் அது. அவர் செய்தது மூன்றே காரியம்: எண்ணினார், ஒப்பிட்டார், எல்லோரும் சொல்கிற காரணத்தை அப்படியே விழுங்காமல் சோதித்துப் பார்த்தார். இந்த மூன்றையும் லயத்திலிருந்தும் செய்யலாம். நமக்குத் தெரிந்த ஒரு டிவிசனில் ஒரு தலைவி செய்தும் காட்டினார். ஒரே மாதத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு நிறை இறங்கியிருந்தது. "பனிக்காலம், அப்புடித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் பேர் எழுதிப் பார்த்தார். ஐந்து பேரும் ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கும் லயங்களில் இருந்தார்கள். பனி எல்லா லயத்துக்கும் பொதுதானே என்று நினைத்து, கொப்பியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனார். தண்ணீர் வரும் பாதையைப் பார்த்தபோது, மேலே உடைந்த கக்கூசுக் குழி ஒன்றின் ஊற்று அதில் சேர்ந்திருந்தது. குழியையும் குழாயையும் திருத்தினார்கள். வயிற்றோட்டம் நின்றது, பிள்ளைகள் தேறினார்கள்.

கண்டது, கேட்டது, நினைத்தது

முதல் பழக்கம், கண்டதையும் கேட்டதையும் நினைத்ததையும் தனித்தனியாக வைப்பது.

ஒன்பது மாதப் பெண்பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டு மாதமாக ஏறவில்லை. உடனே பேச்சு வரும்: "அவ புள்ளைய கவனிக்கல." இதில் நாம் கண்டது என்ன? கோடு ஏறவில்லை என்பது மட்டும்தான். கவனிக்கவில்லை என்பது நாம் நினைத்தது.

இனி ஒவ்வொன்றாக விசாரிப்போம். முதலில் அந்த நிறையே சரிதானா? தராசு வெறுமையாக இருக்கும்போது பூச்சியத்தில் நின்றதா? போன மாதம் குளிருக்குக் கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் போட்டு நிறுத்து, இந்த மாதம் கழற்றிவிட்டு நிறுத்தார்களா? அப்படியென்றால் பிள்ளை ஏறியிருந்தாலும் கோடு ஏறாது. நிறை சரியென்றால் அடுத்த கேள்வி: இடையில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்ததா? ஆறு மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கினார்களா? கொடுப்பது மசித்த சோறா, வெறும் கஞ்சித் தண்ணியா? பருப்பு, நெத்தலி, முட்டை, கீரை, ஒரு சொட்டு எண்ணெய் சேர்கிறதா? பகலில் ஊட்டுவது பாட்டியா, அக்காவா, பிள்ளை மடுவமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? தாய் மறுபடியும் கர்ப்பமா? வீட்டுச் சம்பளம் வீட்டுக்கு வருகிறதா, வழியிலே சாராயத்துக்குப் போகிறதா?

பாருங்கள், ஒவ்வொரு பதிலுக்கும் மருந்து வேறு. தராசு பிழையென்றால் தராசைத் திருத்த வேண்டும். வயிற்றோட்டமென்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கஞ்சித் தண்ணியென்றால் பாட்டிக்குச் சமைத்துக் காட்ட வேண்டும். சாராயமென்றால் தகப்பனோடு பேச வேண்டும். "கவனிக்கல" என்று தாயைத் திட்டினால் இவற்றில் ஒன்றும் நடக்காது. திட்டு வாங்கிய தாய் அடுத்த மாதம் நிறுக்கவே வரமாட்டாள். அப்போது நாம் பிள்ளையையும் இழந்துவிடுவோம்.

ஒரு காரணத்தோடு நிற்காதீர்கள்

இரண்டாவது பழக்கம், முதலில் கிடைத்த காரணத்தோடு திருப்திப்படாமல் இருப்பது. இதற்கு இரத்தச்சோகை நல்ல உதாரணம்.

கர்ப்பிணித் தாய்க்கு இரத்தத்தில் ஈமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தம் குறைவு என்கிறோம். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த முறை பார்த்தாலும் ஏறவில்லை. "மாத்திரையைப் போடாமல் வீசிட்டா" என்று சொல்லிவிடுவது சுலபம். வீசியும் இருக்கலாம். அப்படியென்றால் ஏன் வீசினாள்? மாத்திரை போட்டால் சிலருக்குக் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையால் வருவது, பயமில்லை என்று யாராவது அவளுக்குச் சொன்னார்களா?

ஒழுங்காகப் போட்டும் ஏறாமல் இருக்கலாம். எதோடு போட்டாள் என்று கேளுங்கள். நம்முடைய வீடுகளில் எதைக் குடிக்கிறோம்? தேத்தண்ணி. சாயத்தில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை மலையில் பாடுபட்டு, அந்தத் தேத்தண்ணியாலேயே மாத்திரையின் பலன் போகலாமா? மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். தேசிக்காய்த் தண்ணியோ கொய்யாப் பழமோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் கொக்கிப்புழு இருக்கலாம், பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறு இருக்கலாம். அதை டொக்டர்தான் சோதிக்க வேண்டும். நாம் விசாரித்து எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

திரிபோஷாவையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கட் 750 கிராம். கர்ப்பிணிக்கு மாதம் இரண்டு பக்கட், அதாவது 1,500 கிராம். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 50 கிராம். அது ஒருவருக்குரிய அளவு. வீட்டில் ஐந்து பேர் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் தாயின் வாய்க்குப் போவது 10 கிராம். "திரிபோஷா குடுத்தோம், தாய் தேறல" என்று கொப்பியில் எழுதினால் அது உண்மையாகாது. தாய்க்கு அது போய்ச் சேரவே இல்லை என்பதுதான் உண்மை. அதற்காகப் பசித்த பிள்ளைக்குப் பங்கு கொடுத்த தாயைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது. வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அந்தப் பக்கட் நமக்குச் சொல்கிறது.

யார் குற்றம் என்பதற்கு முன், எங்கே தாமதம்?

நம்முடைய நாட்டில் 1930களின் தொடக்கத்தில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2020 அளவில் அது ஏறத்தாழ 30. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு தேடி வரும் மருத்துவிச்சிமார், இலவச ஆஸ்பத்திரி, பெண்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. இன்னொரு பழக்கமும் உதவியது. ஒரு தாய் இறந்தால், கிராமத்திலும் ஆஸ்பத்திரியிலும் என்ன நடந்தது என்று உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். அடுத்த தாயைக் காப்பாற்றுவதுதான் அந்த விசாரணையின் நோக்கம்.

1994இல் சாடியஸ், மேய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிரசவ ஆபத்தில் மூன்று இடங்களில் தாமதம் வரும் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம்முடைய தோட்டத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இரவு பதினொரு மணிக்கு எட்டு மாதக் கர்ப்பிணிக்குத் தலையிடி, கண் மங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது. புருசன் கொழும்பில் வேலை. மாமியார் "விடியட்டும்" என்கிறார். போனில் கவரேஜ் இல்லை. வாகனம் லயம் வரைக்கும் ஏறாது. இதில் யாரை நாம் திட்டுவது?

ஆபத்து வந்த பிறகு திட்டுவதைவிட, வருவதற்கு முன் கேட்பது மேல். உங்கள் டிவிசனில் ஏழாம் மாதம் நடக்கும் ஒவ்வொரு தாயின் வீட்டிலும் போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: புருசன் இல்லாத நேரம் முடிவெடுப்பது யார்? எந்த இடத்தில் நின்றால் போன் எடுக்கும்? 1990 ஆம்புலன்ஸ் எந்த இடம் வரைக்கும் வரும்? அங்கே வரைக்கும் தாயைத் தூக்கிப்போக எந்த நாலு பேர்? மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. அதற்குக் காசு இல்லை. பதில்களைக் கடதாசியில் எழுதிக் காம்பராக் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.

இரத்தம் படுதல், கடும் தலையிடி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், பன்னீர்க்குடம் உடைதல், பிள்ளைத் துடிப்புக் குறைதல், இவற்றுக்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இந்த இடத்தில் விசாரணையும் வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கேள்வி. அதுபோல இருமல், சளி உள்ள பிள்ளை வேகமாக மூச்சு விடுகிறது என்று தோன்றினால் ஊகிக்காமல் எண்ணுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிசம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, ஒரு வயது வரைக்கும் 50, ஐந்து வயது வரைக்கும் 40, இதை எட்டினாலோ தாண்டினாலோ உடனே கொண்டு போக வேண்டும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கொண்டு போங்கள்.

பழக்கவழக்கத்தைச் சலித்துப் பாருங்கள்

பாட்டிமார் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்பதும் விசாரிக்காத பேச்சுத்தான். மாவைச் சலிப்பது போல மூன்றாகச் சலித்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவளைப் பாரம் தூக்க விடாமல் ஓய்வாக வைத்திருப்பது நல்ல பழக்கம், தூக்கிப் பிடியுங்கள். பாதத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதில் கெடுதல் இல்லை; அதில் சண்டை வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி வைப்பது, தொப்புள்கொடியில் சாம்பலோ தூளோ போடுவது, பத்தியம் என்று தாய்க்கு மீன், முட்டை, கீரை கொடுக்காமல் விடுவது, வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரையும் பாலையும் நிறுத்துவது, இவை கெடுதல். இவற்றை மாற்ற வேண்டும். "பாட்டி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றால் மாறாது. "பாட்டி, அந்தக் காலத்துல ஏன் அப்புடி செஞ்சாங்க?" என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் அதற்கேற்ற பதில் சொல்லலாம். வயிற்றோட்டத்தில் தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று பயந்துதான் நிறுத்துகிறார்கள். போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்காவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, ஒரு பக்கட் ஜீவனியை ஒரு லீட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் காட்டுங்கள்.

போனில் வரும் செய்திக்கும் இதே சல்லடைதான். ஊசி போட்டால் அது வரும், இது வரும் என்று யாரோ அனுப்புகிறார்கள். யார் சொன்னது? எப்படித் தெரியும்? அனுப்பியவர் பேர் ஊர் போட்டிருக்கிறாரா? நம்முடைய நாட்டில் 1993க்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் இளம்பிள்ளை வாதம் வரவில்லை. ஊசி, சொட்டு மருந்தின் பலன் அது. 2019இல் சின்னமுத்து இல்லாத நாடு என்று பேர் எடுத்தோம். 2023இல் அது மறுபடி பரவியது. நோய் போய்விட்டது என்று அசட்டையாக இருந்தால் அது திரும்பி வரும்.

மேலேயும் கேட்க வேண்டும்

இதுவரை தாயிடமும் பாட்டியிடமும் கேட்கும் கேள்விகளைச் சொன்னோம். கேள்வி கீழே மட்டும் போனால் அது அதிகாரம். மேலேயும் போனால்தான் தலைமை.

ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சரியான அறிவுரை. ஆனால் மகப்பேற்று விடுமுறை 84 நாள், அதாவது 12 கிழமை. 2018 சட்டத் திருத்தத்தின் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் அதே 84 நாள். பிரசவத்துக்கு முன் இரண்டு கிழமை போனால் பிறகு மிச்சம் பத்துக் கிழமை. ஆறு மாதம் என்பது 26 கிழமை. நடுவில் உள்ள 16 கிழமைக்குத் தாய் என்ன செய்வது? இதைக் கேட்காமல் "பால் மட்டும் குடு" என்று சொல்வது, ஏணியில்லாமல் கூரைக்கு ஏறச் சொல்வது மாதிரி.

மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். இப்போது நம்முடைய டிவிசனைப் பாருங்கள். கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து பிள்ளை மடுவத்துக்கு இறங்க எத்தனை நிமிசம்? இருபது நிமிசம் இறங்கி இருபது நிமிசம் ஏறினால் அரை மணி எங்கே போதும்? பால் கொடுக்கும் தாய்மாருக்கு மடுவத்துக்குக் கிட்டின மலையைக் கொடுக்க முடியுமா? கறந்து வைத்த பாலைப் பிள்ளைக்குக் கோப்பையால் கொடுக்கும் முறையை மருத்துவிச்சி வந்து பிள்ளை மடுவத்தில் காட்டித் தருவாரா? இவை துரையிடமும், மருத்துவிச்சியிடமும், எங்களைப் போன்ற நலன்புரி உத்தியோகத்தர்களிடமும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்.

"கேட்டா கோவிச்சுக்குவாங்க, நம்ம பேரக் குறிச்சு வச்சுக்குவாங்க" என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதனால் தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள். கோபத்தோடு போகாமல் கணக்கோடு போங்கள். "எங்க பொம்பளைங்களுக்குக் கஷ்டம்" என்று சொன்னால் காதில் விழாமல் போகலாம். "இந்த டிவிசன்ல ஒரு வயசுக்குக் கொறஞ்ச புள்ளைங்க ஒம்பது, தாய்மார் வேலை செய்யிற மலை இன்னது, நடக்கிற நேரம் இவ்வளவு" என்று கடதாசியில் காட்டினால் அதைத் தள்ளிவிடுவது கடினம்.

ஆஸ்பத்திரியில் கையொப்பம் போடும் முன்னும் கேட்க வேண்டும். முக்கியமாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. 1980களில் இந்த நாட்டில் அதற்குப் பணம் கொடுக்கும் திட்டம் இருந்தது. அந்தக் கதைகள் லயங்களில் இன்னும் மறக்கப்படவில்லை. கருத்தடை செய்வதும் செய்யாததும் அந்தப் பெண்ணின் முடிவு. இது என்ன, பிறகு மாற்ற முடியுமா, வேறு தற்காலிக முறை உண்டா, யோசிக்க நேரம் தருவீர்களா என்று நம்முடைய மொழியில் கேட்டு, பதில் விளங்கிய பிறகுதான் கையொப்பம். விளங்காத கடதாசியில் ஒரு தாயும் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கொப்பியில் ஐந்து கேள்வி

எல்லாவற்றையும் மனதில் வைக்க முடியாது. ஒரு அப்பியாசக் கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. நான் கண்டது எது, கேட்டது எது, நினைத்தது எது?

2. இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா? குறைந்தது மூன்று யோசித்தேனா?

3. இதே நிலையிலுள்ள மற்ற வீடுகள் எப்படி? யாருக்கு நடக்கிறது, யாருக்கு நடக்கவில்லை?

4. அந்தத் தாயிடமே கேட்டேனா?

5. இதை மாற்றக்கூடியவர் யார்? வீட்டிலா, சங்கத்திலா, கிளினிக்கிலா, தோட்ட நிர்வாகத்திலா?

நாலாவது கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போடுங்கள். வியன்னாவில் எந்தப் பகுதியில் சாவு அதிகம் என்று தாய்மாருக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நம்முடைய கூட்டங்களிலும் தாயைப் பற்றி எல்லோரும் பேசுவோம், தாய் மூலையில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாள்.

வீட்டுக்குப் போனவுடனே உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் டிவிசனில் நிறைக்கோடு ஏறாத ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து கேள்வியையும் விசாரித்து எழுதுங்கள். எழுத வராதவர்கள் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். பிள்ளையின் பேரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். அந்த வீட்டின் மானம் நம்முடைய மானம். அடுத்த வகுப்பில் காரணங்களை மட்டும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். பத்து டிவிசன்களில் ஒரே காரணம் வந்தால், அதை ஒரு தாயின் குறை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அப்போது அந்தக் கடதாசியோடு எங்கே போக வேண்டுமோ அங்கே எல்லோருமாகப் போவோம். நாங்களும் உங்களோடு வருவோம்.

இப்போது கேள்வி நேரம். கேள்வி கேளுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்ன நாங்கள் முதலில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.